குழலோடு நாகசுரமும் எடுக்கலாமா? ஆறு வாரச் சோதனை

புல்லாங்குழல் வாசிப்பவர் நாகசுரத்தை இரண்டாவது வாத்தியமாக எடுக்கலாமா என்று பார்க்க, எடுத்த எடுப்பில் முழு வாத்தியம் வாங்க வேண்டாம். ஒரு கெண்டை (சீவாளி செருகும் சிறு உலோகக் குழாய்), மூன்று சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு), சுருதிப்பெட்டி போதும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் இது பெரிய வசதி; உலவோடு (துளைகள் உள்ள மரக்குழல்) சேர்த்து ஊதினால் பக்கத்து வீடு தாங்காது. கோயில் வீதிக்கென்றே பிறந்த நாதம் அது.

முதல் வாரம்: சீவாளியை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்துக் கெண்டையில் செருக வேண்டும். உதடுகள் மட்டுமே பிடிக்க வேண்டும், பல் படக்கூடாது. இறுக்கிக் கவ்வினால் சீவாளி வாய் மூடி, சத்தமே வராது.

சிக்கல் மூச்சில்தான். குழலில் காற்று தாராளமாகச் செலவாகும். ஒரு இசை வாக்கியம் முடியும்போது நெஞ்சு காலியாக இருக்கும். சீவாளியின் திறப்போ மெல்லிய கீற்று. அழுத்தம் அதிகம், செலவு குறைவு. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். குழல் பழக்கத்தில் அதன்மேலேயே மறுபடி இழுத்தால் தலை சுற்றும், நெஞ்சு முட்டும். முதலில் மிச்சத்தை வெளியே விட்டு, பிறகுதான் இழுக்க வேண்டும். இந்த ஒன்று பழகவே இரண்டு வாரம் பிடிக்கும்; அவசரப்படாதீர்கள்.

மூன்றாம் வாரம்: ஒரே சுரம், 10 விநாடி, ட்யூனர் முள் ஆடாமல். இது வராவிட்டால் உலவைத் தொட வேண்டாம்.

நான்காம் வாரம்: இரவலாக ஒரு நாகசுரம். விரல்முறை பெரும்பாலும் குழலை ஒத்ததுதான், ஏழு துளை. கீழே உள்ள மற்ற துளைகள் விரலுக்கானவை அல்ல; மெழுகு அடைத்துச் சுருதி சரிபார்ப்பதற்கு. நீளமான வகையான பாரியில் துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் சிறிய கைக்குக் குட்டையான திமிரியே சுலபம். கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வாசிக்க, குழல்காரர் விரல் தானாகவே அரைத்துளைக்கு நழுவும். இங்கே அந்த வேலையில் பெரும்பங்கு காற்றழுத்தத்துக்கும் உதட்டுக்கும் உரியது.

ஐந்தாம் வாரம்: நாகசுரம் ஊதிய கையோடு குழல் எடுத்தால் உதடு மரத்து, நாதம் புகையாக வரும். எனவே காலையில் குழல், மாலையில் நாகசுரம். குழலில் மேல் ஸ்தாயி இன்னும் நிலைக்காதவர்கள் ஒரு வருடம் தள்ளிப்போடுவது நல்லது.

கோலாலம்பூர் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் மூடிய சீவாளி பூசணம் பிடிக்கும். துடைத்து, காற்றோட்டமுள்ள மரப்பெட்டியில் வையுங்கள். மூன்று சீவாளிகளையும் நாள் மாற்றி ஊதுங்கள். ஒன்றையே ஊதினால் சீக்கிரம் தளர்ந்து, மேல் சுரங்கள் இறங்கிவிடும்.

ஆறாம் வாரமும் ஆசை குறையவில்லை என்றால், தமிழ்நாட்டில் நாகசுரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டைக்குச் சொல்லி ஆச்சா மரத்தில் வரவழைக்கலாம். கட்டையை (சுருதி அளவை) விசாரிக்காமல் சொல்லாதீர்கள்: உங்கள் கோயிலில் கூட உட்காரப்போகும் மேளக்குழு எந்தச் சுருதியில் வாசிக்கிறதோ, அதுவே உங்களுக்கும்.