இசேயில் முதல் கும்பிடு அமுது படைக்கும் தேவிக்கு

ஜப்பானின் மியே மாகாணத்தில் இருக்கும் இசே, ஒற்றைக் கோயில் அல்ல. 125 கோயில்கள் சேர்ந்த தலம். அவற்றில் பிரதானம் இரண்டு. சூரிய தேவி அமத்தெராசு குடிகொண்டிருப்பது நைகூ என்ற உள் கோயில். அவளுக்கு அமுது தரும் தொயோயுக்கே தேவி இருப்பது கெகூ என்ற வெளிக் கோயில். நேரமில்லை என்று நைகூவோடு திரும்பிவிடுவதை ‘கதா-மாயிரி’ என்கிறார்கள், அதாவது பாதி தரிசனம். கெகூவை வணங்கிவிட்டு நைகூ போவதுதான் முறை. நகோயாவிலிருந்து விரைவு ரயிலில் இசேஷி நிலையம் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கெகூவுக்கு நடந்தே போகலாம். கெகூவிலிருந்து நைகூவுக்குப் பேருந்தில் 15 முதல் 20 நிமிடம்.

தனியாக உண்ணப் பிடிக்கவில்லை, தொயோயுக்கேயை என் அருகே அழைத்து வா என்று பேரரசர் யூரியாக்குவின் கனவில் அமத்தெராசு சொன்னதாக ஐதிகம். அன்று தொடங்கியதாகச் சொல்லப்படும் நைவேத்தியம் இன்றும் தினம் இரு வேளை கெகூவில் நடக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 8, மாலை 4 மணி. மற்ற மாதங்களில் காலை 9, மாலை 3. சமைக்கும் நெருப்பைக் கட்டையில் கட்டை கடைந்து எடுக்கிறார்கள். தண்ணீர், கோயிலுக்கென்றே உள்ள கிணற்றிலிருந்து வருகிறது. சோறு, உப்பு, மீன், கடற்பாசி, காய், கனி, சாக்கே என்ற அரிசி மது எல்லாம் படையலில் உண்டு. அர்ச்சகர்கள் அதை மரப்பெட்டியில் சுமந்து வரும் வேளைக்குப் போய்ச் சேருங்கள். இசேயில் இதைவிடப் பெரிய தரிசனம் இல்லை.

கெகூவில் இடப்பக்கமாகவும் நைகூவில் வலப்பக்கமாகவும் நடக்க வேண்டும். பாதையின் நடு தெய்வத்துக்கு உரியது. கைகழுவும் தொட்டியில் ஒரே அகப்பை நீரில் எல்லாம் முடிய வேண்டும். முதலில் இடக்கை, பிறகு வலக்கை. அடுத்து இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, மறுபடி இடக்கை. கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் காம்பில் வழிந்து அதையும் கழுவிவிடும். புதிதாக வருகிறவர்கள் அகப்பையை நேராக வாயில் வைத்துவிடுகிறார்கள், அது கூடாது. நைகூவில் இசுசு ஆற்றங்கரையிலேயே இறங்கிக் கை நனைக்கலாம்.

நைகூவின் மூலக்கோயிலில் ஏமாற்றம் வருவது, எதிர்பார்ப்போடு போவதால்தான். நான்கு அடுக்கு வேலி, கூரைதான் தெரியும். அமத்தெராசுவின் திருவுருவாக வைத்திருக்கும் கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. அவள் குகைக்குள் ஒளிந்து உலகம் இருண்டபோது, அவளை வெளியே ஈர்க்கத் தேவர்கள் மரத்தில் தொங்கவிட்ட கண்ணாடி அதுவே என்பது புராணம். வாயிலில் ஒரு வெள்ளைத் திரை தொங்கும். காற்று அதைத் தூக்கினால் உள்முற்றம் ஒரு கணம் தெரியும். அங்கே இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிய வேண்டும். படிக்கட்டுக்கு மேலே படம் எடுக்கக் கூடாது.

இங்கே நன்றி மட்டுமே சொல்ல வேண்டும், உண்டியலும் கிடையாது. வேண்டுதல் இருந்தால் பின்னால் இருக்கும் அராமாட்சுரி நோ மியா என்ற கோயிலுக்குப் போங்கள். ஒரே தெய்வத்துக்குச் சாந்தமான ஆவியும் வேகமாகச் செயல்படும் ஆவியும் உண்டென்பது ஜப்பானின் மரபு மதமான ஷிந்தோவின் நம்பிக்கை. அமத்தெராசுவின் வேக ஆவி அங்கே இருக்கிறது. போகும் வழியில் படிகளைக் கவனித்து இறங்குங்கள். ஒரு படிக்கல்லில் உள்ள விரிசல் ‘வானம்’ என்ற எழுத்துப் போலவே இருக்கும். அதை மிதிக்காமல் தாண்டிப் போவார்கள். கெகூவில் அராமாட்சுரிக்கு இணையான கோயில் தக்கா நோ மியா, அதற்கு 98 படிகள். முதியவர்களை அழைத்து வந்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள். கோயில் 5 மணிக்குத் திறக்கிறது.

இரண்டு கோயில்களையும் 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டித் தெய்வத்தை எழுந்தருளச் செய்கிறார்கள். கடைசியாக நடந்தது 2013-ல், அடுத்தது 2033-ல். பழைய மரம் வீணாவதில்லை. நைகூவின் உஜி பாலத்தில் இரு முனையிலும் நிற்கும் தொரீ வாயில்கள், பழைய கோயில்களின் தூண்களிலிருந்து செய்தவை. வெளிமுனையில் இருப்பது கெகூவின் தூண், உள்முனையில் இருப்பது நைகூவின் தூண். அங்கே 20 ஆண்டு நின்றபின் குவானா, செக்கி என்ற ஊர்களுக்குப் போய் மறுபடி வாயிலாக நிற்கும்.