நரி அவசரப்படக் கூடாது

"பாடாதே! பாடாதே!"

இன்று சமூக மன்றத்தில் பாட்டி வடை சுட்ட கதை ஒத்திகை. பாயில் உட்கார்ந்திருந்த பாலர் பள்ளிப் பிள்ளைகள் காகத்தைப் பார்த்துக் கத்தினார்கள். நரி நிற்காமல் அடுத்த வசனத்துக்குத் தாவிவிட்டது. கத்தல் அப்படியே அடங்கிப்போனது.

அந்த இடத்தில் பிரதி வெறுமையாக இருக்க வேண்டும். நரி பிள்ளைகள் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்து "உஷ்ஷ்" என்று ஐந்து விநாடி நின்றால் போதும். கூச்சல் இரட்டிப்பாகும்.

வடைக்கு வருவோம். நிஜ வடை மேடையில் எண்ணெய் கசியும், உடையும், யாராவது மிதித்து வழுக்குவார்கள். வெறும் ஸ்பாஞ்சு என்றால் சத்தமில்லாமல் விழுந்து துள்ளி ஓடும். சாப்பாட்டுத் தட்டளவு ஸ்பாஞ்சில் நடுவே துளை; ஸ்பாஞ்சுக்குள் ஒரு கைப்பிடி பச்சைப்பயறு வைத்துத் தைத்த துணிப்பை. 'தொப்'பென்று விழும், விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

அலகை வாயை மூடும் முகமூடியாக மாட்டினால் குரல் வெளியே வராது. தொப்பி போல நெற்றியில் கட்டி, நுனியில் சின்னக் கொக்கி வைத்து, வடைத் துளையை அதில் மாட்டலாம். காகம் "கா" என்று தலையைக் குனிந்தால் வடை கழன்றுவிடும். கொக்கி ஆழமானால் கழலாது. இன்று நரி கையால் பறிக்க வேண்டியதாயிற்று, பாவம்.

வசனமும் அப்படித்தான், ஆழமானால் எடுபடாது. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைகளிடம் "வஞ்சகமாகப் புகழ்ந்தது" என்றால் விழிப்பார்கள். நரி இப்படிச் சொல்லட்டும்: "காக்கா, நீ அழகு! உன் இறக்கை அழகு! உன் குரல்?"

மூன்றாவது முறை வரும்போது 'அழகு' பாயிலிருந்தே கேட்கும்.