ரெட்டேரியில ஒரு நாமக்கோழி, பொலிவியால ஒரு நாமக்கோழி

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கே சென்னை ரெட்டேரி ஏரிக்கரைல நின்னுட்டு இருந்தேன், பக்கத்துல இருநூறடி ரோட்டுல லாரி சத்தம் காதப் பொளக்குது, அப்பதான் பொலிவியால இருக்கிற ஃப்ரெண்டு வீடியோ கால் பண்றான், அங்க சனிக்கிழமை ராத்திரி.

சாயங்காலம் கொச்சபம்பா ஊருக்குள்ளயே இருக்கிற அலலாய் ஏரிக்குப் போய் எடுத்த போட்டோவக் காட்டினான். ஊரே சுமார் 2,550 மீட்டர் உயரம், நம்ம ஊட்டியவிட மேல! போட்டோல ஃபிளமிங்கோ இருந்துச்சு, ஆனா நான் பாத்தது ஓரமா இருந்த கருப்புப் பறவைய.

"டேய், இது நம்ம நாமக்கோழிடா!"

"இது ஆண்டீஸ் மலை வகை மச்சி."

ஃபுலிகாங்கிற ஒரே பேரினம்தான், அண்ணன் தம்பி மாதிரி. நம்மாளுக்கு நெத்தில பளிச்சுனு வெள்ள நாமம், அங்க சிலதுக்கு வெள்ள, சிலதுக்கு கருஞ்செவப்பு. நம்மது கரையேறுறப்ப காலப் பாத்தேன், வாத்து மாதிரி சவ்வு கெடையாது, ஒவ்வொரு விரல்லயும் தனித்தனியா இலை ஒட்டுன மாதிரி மடல்.

அங்கயும் சாக்கடைத் தண்ணி பிரச்சனையாம், 2016ல மீனெல்லாம் கொத்துக்கொத்தா செத்து மெதந்துச்சாம். இங்க ஆகாயத்தாமரை. கால் கட்டானதும் டீ குடிக்கப் போயிட்டேன்.