ஈயத்துக்குள் இருந்த வெள்ளி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் உருக்காலைகளில், ஒரு டன் ஈயத்தில் ஏறத்தாழ 8 அவுன்ஸ் வெள்ளியாவது இல்லையென்றால் அதைப் பிரிப்பது நட்டக் கணக்குதான். ஏனெனில் அந்தச் சிறு வெள்ளிக்காக ஈயம் முழுவதையும் உலையில் ஆக்சைடாக்கி (வெள்ளி ஆக்சைடாகாமல் எஞ்சும்), அந்த ஆக்சைடை மறுபடி ஈயமாக்க நிலக்கரியும் கூலியும் செலவிட வேண்டியிருந்தது. ஒரு பங்கு ஈயம் புகையாகவும் போனது.

1833இல் ஹியூ லீ பாட்டின்சன் காப்புரிமை பெற்ற முறை இந்தக் கணக்கை மாற்றியது. உருகிய ஈயம் மெல்ல ஆறும்போது முதலில் உறையும் படிகங்களில் வெள்ளி குறைவாக இருக்கும் என்பதால், அவற்றைத் துளையிட்ட இரும்புக் கரண்டியால் (நம் வீட்டு ஜல்லிக்கரண்டிக்குப் பெரிய அண்ணன்) அள்ளி எடுத்துவிட, கொப்பரையில் எஞ்சும் திரவத்தில் வெள்ளி செறிந்துகொண்டே போகும். அந்தச் செறிந்த ஈயம் மட்டுமே உலைக்குப் போனதால், டன்னுக்கு 2, 3 அவுன்ஸ் வெள்ளியுள்ள ஈயமும் இலாபம் தந்தது. 1850இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் துத்தநாகத்தைக் கொண்டு வெள்ளியைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.