ஜன்னல் வெளிச்சத்தில் ஜோடி பார்ப்பவன்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை என்றதும் எல்லாரும் தையலா என்றுதான் கேட்கிறார்கள். நான் அதற்கு முந்தைய மேஜையில் இருக்கிறேன். கட்டிங்கில் வெட்டி வரும் தோல் துண்டுகளை ஜோடி சேர்ப்பது என் வேலை.

ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். அதனால் விரல் மேல் வரும் வேம்ப் துண்டை முதுகில் எடுப்பார்கள். லேஸுக்கு அடியில் வரும் நாக்குத் துண்டு மாதிரி மறைவாகக் கிடப்பவற்றுக்கு ஓரம் போதும். இடதும் வலதும் அடுத்தடுத்து வெட்டியதாக இருந்தால்தான் நிறம் ஒத்துப்போகும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் கறுப்பு, ஜன்னலோரம் போனால் ஒன்று நீலமாகவும் ஒன்று பழுப்பாகவும் பல்லிளிக்கும்.

சைஸைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஐரோப்பிய அளவில் 41க்கும் 42க்கும் நீள வித்தியாசமே சுமார் 6.67 மில்லிமீட்டர்தான், சின்னத் துண்டில் அதுவும் தெரியாது. தோலை வெட்டும் அச்சான டையே துண்டின் ஓரத்தில் சைஸுக்கு அடையாளமாகப் போடும் குட்டி வெட்டுகளை விரலால் தடவிப் பார்ப்பேன். பிறகு, மடிப்பில் மறையும் இடத்தில் சில்வர் பேனாவால் ஜோடி நம்பர். பண்டலைக் கட்டி ஜாப் கார்டைச் செருகினால் தையலுக்குப் போகலாம்.

இப்போது கார்டில் பார்கோடும் வந்துவிட்டது. பண்டல் எந்த லைனில் நிற்கிறது என்று சொல்லும், நல்லதுதான். நிறம் பார்க்க அதற்குத் தெரியாது.

தைக்கும்போது ஒரு துண்டு கிழிந்தால் லைன் அக்கா வருவார். "ஒண்ணு மட்டும் குடு தம்பி."

"ரெண்டையும் கொண்டாங்கக்கா, ஜோடியாத்தான் வெட்டணும்."

முணுமுணுத்துக்கொண்டே போவார்.