கார் மணக்குது

யாழ்ப்பாணத்துக்கு மருமகளாக வந்த முதல் மாதம். மாமி காரில் ஏறி உட்கார்ந்ததுமே, "பிள்ளை, காருக்குள்ளை மணக்குது" என்றார். "தேங்க்ஸ் மாமி" என்றேன். முந்தின நாள்தான் மல்லிகை வாசனைக் குப்பி ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். எங்கள் மதுரையில் ஒன்று மணக்கிறது என்றால் அது பாராட்டு, சாம்பார்கூட மணக்க மணக்கத்தான் வைப்போம். இங்கே மணம் என்றால் வெறும் மணம். நல்லதா கெட்டதா என்பதை சொல்பவரின் முகத்தில்தான் பார்க்க வேண்டும். மாமி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

நான் வந்தது 2023இல். வாகன இறக்குமதி 2020லேயே நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வண்டிகளுக்கெல்லாம் தங்க விலை. எங்கள் ஊரில் புதுக் கார் எடுக்கிற காசுக்கு, என்னைவிட ஐந்தாறு வயதுதான் இளைய ஜப்பானிய வேகன் ஒன்று கிடைத்தது. அதில்தான் இந்தப் புகை நாற்றம்.

என் கணவருக்கு அது பிரமை. "புகைப் பரிசோதனை பாஸ்தானே" என்றார். இலங்கையில் ஆண்டுதோறும் அந்தச் சான்றிதழ் இல்லாமல், வண்டியை ரோட்டில் ஓட்டத் தேவையான வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆனால் அவர்கள் கருவியைச் செருகுவது புகைக்குழாயில். வெளியே போவதை அளப்பார்கள், உள்ளே வருவதை யார் அளப்பது? ஒரு ஞாயிறு பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போனோம். இருபுறமும் கடல், நல்ல காற்று, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். திரும்பும்போது எனக்குத் தலை பிளந்தது. அவருக்கும்தான். அதற்குப் பிறகு பிரமை என்ற பேச்சு இல்லை.

முதலில் போன கராஜில் எதையும் பார்க்காமலே சைலன்சரை மாற்றினார்கள். சைலன்சர் புதிசு, மணம் பழசு.

அப்புறம் கொக்குவிலில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். அந்தப் புகையில் பழகிய மூக்கு. ஸ்பானரை எடுக்கவே இல்லை, கேள்விதான் கேட்டார்.

"என்ன மணம் பிள்ளை?"

"புகை ஐயா."

"எந்தப் புகை? பச்சைப் பெற்றோல் மணமோ, ஓயில் எரியிற மணமோ, கண் எரியிற புகையோ? ஓடேக்கையோ, நிக்கேக்கையோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நாள் கவனித்து வரச் சொன்னார். ஒருநாள் போதவில்லை, தினமும் கடைத்தெரு வரைக்கும் ஓட்டி நான்கு நாள் குறிப்பெழுதினேன். வேகமாக ஓடும்போது கண் எரிகிற புகை, கண்ணாடி இறக்கினால் அதிகம். கொக்குவில் ரயில் கடவையில் கேற் போட்டு நிற்கும்போது வருவது வேறு, வடைச் சட்டியில் எண்ணெய் கருகிய மாதிரி. தாளை நீட்டினேன். "அப்ப ரெண்டு வருத்தம்" என்றார். வருத்தம் என்றால் இங்கே நோய்.

காரை இரவு அங்கேயே விடச் சொல்லி, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தார். எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் மெனிஃபோல்ட் பக்கம் கசிவு இருந்தால் சூடாகும் வரை டிக் டிக் என்று கேட்குமாம். கேட்கவில்லை. ஈரத் துணியால் புகைக்குழாயின் வாயை ஒரு நொடி அடைத்துப் பார்த்தார். எங்கும் சீறல் இல்லை. ஆக, புகை ஒழுங்காகப் பின்னால்தான் போகிறது, போய்விட்டுத் திரும்பி வருகிறது. வேகனின் முதுகு தட்டை. ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து புகை சுழன்று ஒட்டிக்கொள்ளும், இடுக்கு கிடைத்தால் நுழையும். கண்ணாடியை இறக்கினால் உள்ளே இன்னும் இழுக்கும். நாற்றம் போகட்டும் என்று நான் செய்ததெல்லாம் அதுதான்!

நூறு ரூபாய்த் தாளை டிக்கிக் கதவில் வைத்து மூடி இழுத்தார். எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்தது, இடது கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ரப்பர் பீடிங் தட்டையாகச் செத்திருந்தது. பிறகு எஞ்சினை நிறுத்தி, என் கணவரைப் பின்னால் படுக்க வைத்து, போர்வையால் மூடி, அடியில் டார்ச் அடித்தார். ஸ்பேர் டயர் குழிக்குள் வெளிச்சம் தெரிந்தது. தரையிலிருக்க வேண்டிய ஒரு ரப்பர் மூடியைக் காணோம்.

கருகல் மணம் சுலபம். எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் டாப்பெட் கவர் கேஸ்கட் கசிந்து, சூடான மெனிஃபோல்டில் ஓயில் சொட்டியிருக்கிறது. மாற்றிய பிறகும் இரண்டு நாள் நாறியது. அழுகை வந்துவிட்டது. மிச்ச ஓயில் எரிந்து தீர்ந்ததும் போனது.

"மணந்தது உங்கட நல்ல காலம்" என்றார் அவர். கார்பன் மோனொக்சைடுக்கு மணமே கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பண்ணைப் பாலத்துத் தலைவலியை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ரப்பர் வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றார், பஸ்ஸில் போனேன்.

ரப்பரும் வந்து மாட்டி, மணமெல்லாம் ஓய்ந்த அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து, "கார் இப்ப மணக்கலம்மா" என்றேன், மகிழ்ச்சியாக.

"ஏண்டி, அந்த மல்லிகை பாட்டில் தீர்ந்துடுச்சா?" என்றாள்.