கலங்கிய தண்ணீர்

வளையம் வளையமாக உறைகளை அடுக்கி இறக்கிய எங்கள் வீட்டு உறைக்கிணறு போன ஐப்பசியிலிருந்தே அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் தண்ணீர் கலங்கி வரும், மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டோம். மழைநீர் மண்ணில் மெல்ல வடிந்து வந்தால் கிணறு அப்படி ஒரே ராத்திரியில் கலங்காது. கலங்கினால், மேல் உறைகளின் இணைப்பில் பூச்சு விட்டுப்போய் தரையில் ஓடுகிற தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறதா என்று உடனே பாருங்கள்.

அப்புறம் தொட்டி அடியில் மணல். 20 நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு 40 நிமிடம் ஆனது. மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டோம், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைக்கூட மாற்றினோம். கடைசியில் துவைகல் பக்கம் தரை ஒரு சாண் உள்வாங்கியபோதுதான் ஆளைக் கூப்பிட்டோம். மூன்றாவது உறை விரிந்து, அது வழியாகத்தான் மண் சரிந்துகொண்டிருந்தது.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், எட்டிப் பார்க்கலாம் என்று நீங்களாக உள்ளே இறங்காதீர்கள். மூடிக் கிடக்கும் கிணற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், விஷவாயு தங்கியிருக்கும், மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

உறை மாற்றி, தூர் வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று. பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருப்பதால் தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுத்திருக்கிறோம். குடிக்கும் தண்ணீரில் 100 மில்லிக்கு மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈகோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரிப்போர்ட் வரும்வரை குடிக்கக் கேன் தண்ணீர்தான்.